அலசன் குடும்பம்: பிடியும் விடுதலையும்



இரசாயனவியல் பயிலும் மாணவர் எவரையேனும் அழைத்து, "அலசன்களைப் பற்றி நீ அறிந்தது யாது?" என்று வினவிப் பாருங்கள். "கூட்டத்தின் வழியே கீழ்நோக்கிச் செல்லச் செல்லத் தாக்குதிறன் குறையும்" என்னும் விடை உடனே வரும். விடை சரியானதே, பரீட்சையிலும் அதற்குப் புள்ளி கிடைக்கும். ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தினுள்ளே ஒரு நூற்றாண்டுக் காலத்து மனித முயற்சியும், சிலருடைய உயிரும், நம் வீட்டு உப்புச்சாடியின் இரகசியம் ஒன்றும் அடங்கியிருக்கின்றன என்பதை அம்மாணவர் அறிந்திருப்பாரா என்பது ஐயமே. அவ்வாக்கியத்தைச் சிறிது விரித்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் இக்குடும்பத்தினரை அறிமுகஞ் செய்துகொள்வோம். அலசன் என்னும் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. உப்பை உண்டாக்குவது என்பது அதன் பொருள். ஆவர்த்தன அட்டவணையின் வலப்புறத்தே, ஒன்றன்கீழ் ஒன்றாக, புளோரீன், குளோரீன், புரோமீன், அயடீன் என்னும் நால்வரும் வீற்றிருக்கின்றனர். மூத்தது புளோரீன், வெளிறிய மஞ்சள் நிற வாயு, பூச்சியத்துக்குக் கீழே 188 பாகை சதமவளவுக்குக் குளிர்வித்தாலன்றித் திரவமாகாது. அடுத்தது குளோரீன், பச்சை கலந்த மஞ்சள் வாயு. மூன்றாவதாகிய புரோமீன் செங்கபில நிறத் திரவம். அதன் ஆவி மூக்கைத் துளைக்கும். நான்காவதாகிய அயடீன் கரும்பளிங்கு போன்ற திண்மம். சிறிது சூடாக்கினால் அழகிய ஊதா நிற ஆவி எழும். வாயு, வாயு, திரவம், திண்மம் என இறங்குந்தோறும் நிறம் கடுமையாகின்றது, குணமோ மென்மையாகின்றது.

குணம் மென்மையாகின்றது என்று எவ்வாறு அறிவது? நால்வருக்கும் ஐதரசனைக் கொடுத்துப் பார்த்தால் தெரியும். புளோரீனும் ஐதரசனும் இருளிலும் குளிரிலுங்கூடச் சந்தித்த கணத்திலேயே வெடித்துச் சேர்ந்துவிடும். குளோரீன் இருளில் அமைதியாக இருக்கும். சூரிய ஒளி பட்டதும் வெடிக்கும். புரோமீனைச் சேர்ப்பதற்கு வெப்பம் வேண்டும். அயடீனோ வெப்பமூட்டினாலும் மெல்ல மெல்லவே சேரும். சேர்ந்ததில் ஒரு பகுதி மீண்டும் பிரிந்துபோகும்.

பாடசாலை ஆய்கூடத்தில் இதனினும் எளிய பரிசோதனை ஒன்றுண்டு. பொற்றாசியம் புரோமைட்டுக் கரைசலை ஒரு சோதனைக்குழாயிலும், பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலை மற்றொன்றிலும் எடுங்கள். இரண்டும் நீரைப் போல நிறமற்றவை. இரண்டிலும் சிறிதளவு குளோரீன் நீரை விடுங்கள். முதற்குழாய் செம்மஞ்சளாகும், இரண்டாவது கபில நிறமாகும். இரண்டாவதில் ஒரு துளி சோற்றுக்கஞ்சி சேர்த்தால் கருநீலம் தோன்றும். அயடீன் விடுதலையாயிற்று என்பதற்கு அதுவே சான்று. குளோரீன், தன்னிலும் மெலியவர்களாகிய புரோமீனையும் அயடீனையும் அவர்கள் இருந்த இடத்திலிருந்து எழுப்பிவிட்டு, அவ்விடத்தில் தான் அமர்ந்துகொண்டது. புரோமீன் நீரை எடுத்துச் செய்தால் அது அயடீனை எழுப்பும், குளோரீனை எழுப்பமாட்டாது. அயடீனோ எவரையும் எழுப்பமாட்டாது.

நேயர்களே, இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலத்திரனைப் பற்றிப் பிடிப்பதே அலசனின் தாக்குதிறன். வலிமையாகப் பிடிப்பவரை அப்பிடியிலிருந்து விடுவிப்பது கடினம். மெலிதாகப் பிடிப்பவரை விடுவிப்பது எளிது. ஆகவே இவர்கள் மனிதரின் கைக்கு எவ்வாறு அகப்பட்டனர் என்னும் வரலாற்றிலும் அதே ஒழுங்கு பதிந்திருத்தல் வேண்டும். பதிந்துதான் இருக்கின்றது.

மெலியவராகிய அயடீனிலிருந்து தொடங்குவோம். 1811 ஆம் ஆண்டு; பிரான்சு நெப்போலியனின் போர்களில் மூழ்கியிருந்த காலம். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பை உற்பத்தி செய்துவந்த பேர்னார் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலைப் பயன்படுத்தி வந்தார். ஒருநாள் பாத்திரங்களைச் சுத்தஞ் செய்கையில் சல்பூரிக்கமிலம் அளவுக்கு மிஞ்சி விழுந்துவிட்டது. உடனே ஊதா நிற ஆவி எழுந்து, குளிர்ந்த இடங்களிற் கரிய பளிங்குகளாகப் படிந்தது. கிரேக்க மொழியில் ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வாய்த்தது. தேடாமலே வந்த செல்வம் அது. அயடீனை விடுவிக்கக் கைதவறி ஊற்றிய அமிலமே போதுமாயிருந்தது.

அடுத்து, புரோமீன். தென் பிரான்சின் மொம்பெலியே நகரில் வாழ்ந்த அந்துவான் பலார் என்னும் இளைஞர், உப்பளத்தில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரை ஆராய்ந்தார். அதனுட் குளோரீனைச் செலுத்தியபோது நீர் செம்மஞ்சளாயிற்று. 1826 ஆம் ஆண்டு புதிய மூலகம் ஒன்றின் பிறப்பை அவர் உலகுக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கை எட்டவில்லை. செருமனியில் கார்ல் லோவிக் என்னும் மாணவரும் தனித்து அதே பொருளைப் பிரித்தெடுத்திருந்தார், வெளியிடுவதிற் பிந்திவிட்டார். பெரும் புகழ் பெற்ற லீபிக் அவர்களின் கைக்கும் அத்திரவம் முன்னரே வந்திருந்ததாம். அயடீனும் குளோரீனும் சேர்ந்த சேர்வையே அது என்று அவசரமாக முடிவுசெய்து, போத்தலிற் பெயரும் எழுதி வைத்துவிட்டார். பலாரின் செய்தியைக் கேட்டதும் தம் தவறு அவருக்குப் புலனாயிற்று. தமக்கு ஒரு பாடமாக அப்போத்தலைப் பாதுகாத்து வைத்திருந்தார் என்பர்.

இங்கு நாம் காண்பது யாது? புரோமீனை விடுவிப்பதற்கு அதனிலும் வலிய குளோரீன் துணைநின்றது. சாக்கடலின் நீரில் லீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 கிராம் புரோமைட்டு உண்டு; இன்றும் அங்கே புரோமீனை எடுப்பது குளோரீனைச் செலுத்தியே. மாணவரின் சோதனைக்குழாயில் நிகழ்வதே பெருந்தொழிற்சாலையிலும் நிகழ்கின்றது.

குளோரீன் இவ்விரண்டுக்கும் முன்னரே அகப்பட்டது. 1774 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு மருந்தாளராகிய ஷேலே, ஐதரோகுளோரிக்கமிலத்தை மங்கனீசு ஈரொட்சைட்டுடன் சூடாக்கி அதனைப் பெற்றார். வலியவராகிய குளோரீன் முந்தியது எவ்வாறு என்று நீங்கள் கேட்கக்கூடும். அது கறியுப்பின் பாதி. கடல்நீர் லீற்றர் ஒன்றில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு உண்டு. புரோமைட்டு 70 மில்லிகிராமுக்கும் குறைவு. அயடீனோ ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு அளவே. எங்கும் நிறைந்த பொருள் முன்னே கண்ணிற்படுவது இயல்பன்றோ? ஆயினும் ஷேலே அதனை ஒரு மூலகமென்று அறிந்தாரில்லை. 1810 ஆம் ஆண்டு ஹம்பிரி டேவியே அது மூலகம் எனத் துணிந்து, அதன் வெளிறிய பச்சை நிறங்கருதிப் பெயரிட்டார்.

இனிப் புளோரீன். இங்கேதான் கதை துயரக் கதையாகின்றது. புளோரீன் தன் சேர்வைகளில் மறைந்திருக்கிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. எதனைக் கொண்டு அதனை எழுப்புவது? குளோரீனால் இயலாது. அதற்கு மேலே எவரும் இலர். எவ்வாறேனும் விடுவித்தாலும், விடுதலையான கணமே அது பாத்திரத்தைத் தாக்கும், கண்ணாடியைத் தாக்கும், நீரைத் தாக்கி ஒட்சிசனை வெளியேற்றும். போதாக்குறைக்கு, மூலப்பொருளாகிய ஐதரசன் புளோரைட்டு தோலினூடே புகுந்து எலும்பு வரை சென்று தீங்கிழைக்கும் நஞ்சு. டேவி அதனால் நோயுற்றார். அயர்லாந்தின் நொக்சு சகோதரர்கள் நெடுங்காலம் துன்புற்றனர். பெல்சியத்தின் லூயே 1850 ஆம் ஆண்டிலும், பிரான்சின் நிக்கிளே 1869 ஆம் ஆண்டிலும் இம்முயற்சியில் உயிரிழந்தனர்.

1886 ஆம் ஆண்டு யூன் மாதம் 26 ஆம் நாள், பாரிசு நகரில் ஆன்றி முவாசான் என்பவர் வெற்றி கண்டார். இரசாயனப் பொருள் எதனாலும் இயலாததை மின்னோட்டத்தைக் கொண்டு அவர் செய்தார். நீர் சிறிதுமற்ற ஐதரசன் புளோரைட்டைக் கடுங்குளிரில் வைத்து, பிளாற்றினத்தால் ஆகிய வளைகுழாயில் மின்பகுத்தார். குழாயின் வாயை அடைப்பதற்கு அவர் தேர்ந்த பொருள் யாது தெரியுமா? புளோரீனின் சேர்வையாகிய புளோர்ப்பார் என்னும் கனியம். புளோரீன் ஏற்கெனவே நிறைந்திருக்கும் பொருளைப் புளோரீன் மேலும் தாக்காது என்பதை உணர்ந்த கூர்மதி அது. வெளிவந்த வாயு பட்டதும் சிலிக்கன் பளிங்குகள் தீப்பற்றி எரிந்தன.

விஞ்ஞானக் கழகத்தினர் அனுப்பிய குழுவினர் பார்வையிட வந்தபோது பரிசோதனை பலிக்கவில்லை. முவாசான் அவர்கள் வருகைக்கெனத் தம் பொருளை மிகுந்த கவனத்தோடு தூய்மை செய்திருந்தார். முற்றிலும் தூய ஐதரசன் புளோரைட்டு மின்னைக் கடத்தாது. முன்னைய வெற்றிக்குக் காரணம் அதனுட் கலந்திருந்த பொற்றாசியம் ஐதரசன் புளோரைட்டே என்பது பின்னர் விளங்கிற்று. அதனைச் சேர்த்துச் செய்ததும் புளோரீன் வந்தது. 1906 ஆம் ஆண்டு அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில், ஐம்பத்து நான்காம் வயதில், அவர் காலமானார். மின்னின்றி இரசாயன முறையாற் புளோரீனைப் பெறுவதற்குச் சரியாக நூறு ஆண்டு கழிய வேண்டியிருந்தது. 1986 ஆம் ஆண்டு கார்ல் கிறிஸ்டே அமெரிக்காவில் அதனைச் செய்து காட்டினார்.

இனி, இவ்வொழுங்குக்குக் காரணம் யாது என்னும் கேள்வி. நால்வருடைய அணுக்களிலும் வெளி ஓட்டில் ஏழு இலத்திரன்கள் உண்டு. எட்டாவது ஒன்று கிடைத்தால் நிறைவு. புளோரீனுக்கு இரண்டே ஓடுகள்; குளோரீனுக்கு மூன்று; புரோமீனுக்கு நான்கு; அயடீனுக்கு ஐந்து. சிறிய அணுவிற் புதிய இலத்திரன் கருவுக்கு அண்மையில் அமரும், பிடி இறுகும். பெரிய அணுவில் அது தொலைவில் அமர்வதோடு, இடையிலுள்ள இலத்திரன்கள் கருவின் ஈர்ப்பை மறைத்தும் நிற்கும், பிடி தளரும். பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன.

நானும் ஒருகால் இங்கேதான் நின்றேன். நான் கலைப்பட்டதாரி. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தவணை ஒன்றில், அதிபராகிய நானே வகுப்புக்குச் சென்று இப்பாடத்தை வாசித்து விளக்கினேன். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இந்த அட்டவணையின்படி ஓர் இலத்திரனை ஏற்கும்போது கூடிய சக்தியை வெளிவிடுவது குளோரீன்தானே? அப்படியானால் புளோரீன் எப்படி முதலாவதாகும்?" என்று வினவினாள். "அச்சுப்பிழையாக இருக்கலாம்" என்று சொல்லி அமரச் செய்தேன். அன்று மாலை நூல்களைப் புரட்டியபோது பிழை அச்சினதன்று, என்னுடையதே என்று கண்டேன்.

மாணவி கூறியது முற்றிலும் உண்மை. வாயு நிலையில் ஒரு மூல் குளோரீன் அணுக்கள் இலத்திரன் ஏற்கையில் 349 கிலோயூல் சக்தி வெளிவரும். புளோரீனுக்கு 328 கிலோயூலே. புளோரீன் அணு மிகச் சிறியது. அதன் சிறிய இல்லத்தில் முன்னிருக்கும் இலத்திரன்கள் புதிதாக வருவதை நெருக்கித் தள்ளுகின்றன. ஆயின் புளோரீன் வெல்வது எவ்வாறு? காரணங்கள் இரண்டு. முதலாவது, புளோரீன் மூலக்கூறில் இரு அணுக்களையும் பிணைக்கும் பிணைப்பு மெலிந்தது. அதனை உடைக்க 159 கிலோயூல் போதும். குளோரீனுக்கு 243 வேண்டும். ஆதலால் புளோரீன் தன் துணையை எளிதில் விட்டுப் போருக்குப் புறப்படும். இரண்டாவது, அது சிறியதாதலாற் பிறவற்றோடு சேருங்கால் மிக நெருங்கி, மிக வலிய பிணைப்புகளை உண்டாக்கும். ஐதரசனோடு புளோரீனின் பிணைப்பு ஏறத்தாழ 570 கிலோயூல், குளோரீனினது 431, புரோமீனினது 366, அயடீனினது 299. நீரிலும் புளோரைட்டு அயனை நீர் மூலக்கூறுகள் மிக இறுக்கமாகச் சூழ்ந்துகொள்கின்றன.

இவை யாவும் சேர்ந்த விளைவை அளந்து காட்டுவது நியம மின்வாய் அழுத்தம். புளோரீனுக்கு 2.87 உவோற்று, குளோரீனுக்கு 1.36, புரோமீனுக்கு 1.07, அயடீனுக்கு 0.54. குளோரீனுக்கும் அயடீனுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டிலும் புளோரீனுக்கும் குளோரீனுக்கும் இடையிலுள்ள தூரமே பெரிது. நான்கு சமமான படிகள் அல்ல இவை. மூன்று சிறு குன்றுகளும் ஒரு மலைமுடியும். முவாசானுக்கு முன் அத்தனை பேர் தோற்றது ஏன் என்பதும் இதனால் விளங்கும். மறுநாட் காலை வகுப்புக்குச் சென்று அம்மாணவியிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். லீபிக்கின் போத்தலை நினைத்துக்கொண்டால் அதில் வெட்கப்படுவதற்கு ஏதுமில்லை.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். அயடீன் குறைந்தாற் கழுத்துக்கழலை உண்டாகும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்கிரோகிராம் மாத்திரமே. இக்காரணத்தால் 1995 ஆம் ஆண்டு இலங்கையில் உண்ணும் உப்புக்கு அயடீன் ஊட்டுதல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் ஊட்டுவது அயடைட்டாக அன்று, பொற்றாசியம் அயடேற்றாக. ஏன்? அயடைட்டு தன் இலத்திரனை மெலிதாகவே பிடித்திருக்கின்றது. ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் நாட்டில், காற்றிலுள்ள ஒட்சிசனே அப்பிடியைத் தளர்த்தி அயடீனை வெளியேற்றிவிடும். அது ஆவியாகிப் பறந்துவிடும். அயடேற்றில் அயடீன் ஏற்கெனவே ஒட்சிசனோடு சேர்ந்து நிலைபெற்றிருக்கின்றது. அதே உப்பிலுள்ள குளோரைட்டுக்கு இவ்வச்சம் சிறிதும் இல்லை. ஆகவே கீழ்நோக்கிச் செல்லத் தாக்குதிறன் குறையும் என்னும் வாக்கியம் நம் உப்புச்சாடியினுள்ளும் இருக்கின்றது. அயடேற்றும் ஈரத்திலும் வெப்பத்திலும் சிறிது சிறிதாகக் குறையக்கூடும். உப்பை மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்புக்குச் சற்றுத் தொலைவில், ஈரக்கை படாமல் வையுங்கள்.

மற்றோர் எச்சரிக்கை. கிணற்று நீரைத் தொற்று நீக்குவதற்கு இடும் வெளிற்றும் தூளிலே குளோரீன் அடங்கிய நிலையில் இருக்கின்றது. அத்தூளை மலகூடம் கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்கலாகாது. கலந்தால் ஷேலே கண்ட அதே பச்சை வாயு, 1915 ஆம் ஆண்டு ஈப்பர் போர்க்களத்திற் படைவீரரைக் கொன்ற அதே வாயு, நம் குளியலறையில் எழும்.

மலைமுடியிலுள்ள புளோரீனின் பிடியோ வேறுவகைச் சிக்கலைத் தந்துள்ளது. காபனோடு அது கொள்ளும் பிணைப்பு மிக வலியது. 1938 ஆம் ஆண்டு தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் ஒட்டாத சட்டிகளின் பூச்சாக அமைந்த பொருள் அவ்வகையினது. மூலகங்களுள் மிகத் தாக்குதிறன் வாய்ந்தது, எதனாலும் எளிதில் தாக்கப்படாத பொருளைத் தந்தது என்பது வியப்புக்குரியது. ஆயினும் இவ்வகைச் சேர்வைகளுட் சில, நீரிலும் மண்ணிலும் மனித இரத்தத்திலுங்கூட அழியாது தங்கிவிடுகின்றன. அவற்றுட் சிலவற்றை 2009, 2019 ஆம் ஆண்டுகளில் சுதொக்ஃகோம் உடன்படிக்கையின் கீழ் உலக நாடுகள் கட்டுப்படுத்தின. அயடீன் எளிதில் விட்டுச் செல்வதும் நமக்குக் கவலை. புளோரீன் விடாது பற்றுவதும் நமக்குக் கவலை.

அயடீனுக்குக் கீழே அசுற்றற்றீன் என்னும் மூலகமும் உண்டு. 1940 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஆக்கப்பட்டது. அதன் மிக நீண்ட ஆயுளுடைய வகையும் எட்டு மணித்தியாலத்திற் பாதியாகக் குறைந்துவிடும். அதற்கும் கீழே 2010 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தென்னெசீனின் அணுக்கள் ஒரு விநாடிகூட நிலைப்பதில்லை. நாம் கண்ட ஒழுங்கைக் கண்ணாற் பார்த்து அறிவதற்கு அந்த நால்வரே போதுமானவர்.

நேயர்களே, பாடநூலின் ஒரு வரியை மனனஞ் செய்வது எளிது. அந்த வரி எவ்வாறு அறியப்பட்டது, எதுவரை பொருந்துகின்றது, நம் வாழ்வில் எங்கே நிற்கின்றது என வினவுவதே கல்வி. உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை அலசன்களைப் பற்றிப் படிக்கும்போது, உப்புச்சாடியை எடுத்து முன்னே வைத்து, "இதற்குள் அயடீனை அயடேற்றாக இட்டது ஏன்?" என்று கேளுங்கள். பிள்ளைக்கு விடை தெரியாவிட்டால் இருவருஞ் சேர்ந்து தேடுங்கள்.